குண்டு முந்தும், சத்தம் பிந்தும்

அன்புள்ள ஐயா,

நேற்று இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ‘ஃப்யூரி’ படம் பார்த்தேன். திறந்த வயலில் அமெரிக்கர்களின் ஷெர்மன் டாங்கிகள் முன்னேறுகின்றன. காட்டோரத்தில் மறைந்திருக்கும் ஜெர்மன் பீரங்கிகள் அவற்றைச் சுடுகின்றன. அவைதான் பேர்பெற்ற 88 மில்லிமீட்டர் பீரங்கிகளா? குண்டுகள் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்ந்துகொண்டு பறப்பது நிஜமா, கிராஃபிக்ஸா? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

அன்புடன்,
திருச்சி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

88 இல்லை. அது 75 மில்லிமீட்டர் பாக் 40, டாங்கிகளைச் சுடுவதற்கென்றே செய்த பீரங்கி. எந்த ஜெர்மன் பீரங்கி சுட்டாலும் 88 என்று சொல்வது போர்க்காலத்திலேயே நேச நாட்டு வீரர்களுக்கு இருந்த பழக்கம், அதனால் உங்கள் குழப்பம் பழையதுதான். 88 விமானங்களைச் சுடுவதற்காகச் செய்யப்பட்டது. 1940 மே மாதம் பிரான்ஸில் அராஸ் அருகே, பிரிட்டனின் மட்டில்டா டாங்கிகளை நிறுத்த வேறு வழியில்லாமல் ஜெர்மன் தளபதி ரோமலின் படை அதைத் தரைக்குத் திருப்பியது. அங்கே தோற்றுப்போனது 37 மில்லிமீட்டர் பாக் 36. அதன் குண்டுகள் மட்டில்டாவின் கவசத்தில் பட்டுத் தெறித்தன. டாங்கியின் கதவைத் தட்டும் கருவி என்று அதற்கு ஜெர்மன் வீரர்களே பெயர் வைத்தார்கள். மறு ஆண்டு ரஷ்யாவில் டி-34 டாங்கியைச் சந்தித்த பிறகுதான் பாக் 40 வேகவேகமாகப் படைக்கு வந்தது. போர் முடிவதற்குள் 20,000க்கும் மேல் செய்தார்கள்.

ஒளிரும் குண்டுகள் நிஜம். கவசத்தைத் துளைக்கும் குண்டின் அடியில் எரியும் மருந்து வைத்திருப்பார்கள். குண்டு எங்கே போகிறது என்று சுடுபவர் பார்த்து அடுத்ததைத் திருத்திக்கொள்ள அது வேண்டும். அமெரிக்கர்களுக்குச் சிவப்பு, ஜெர்மானியர்களுக்குப் பச்சை என்று படத்தில் பிரித்துக் காட்டியது நமக்கு யார் சுடுவது என்று புரிவதற்காக. வீடியோ கேம் மாதிரி இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடிக்கும்.

என் வருத்தம் சத்தத்தில்தான். போர்ப்படங்களில் பீரங்கி முழங்கும், அப்புறம் குண்டு வந்து விழும். பாக் 40-இன் குண்டு குழலைவிட்டுக் கிளம்பும் வேகம் நொடிக்கு சுமார் 790 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர்தான். ஐந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் டாங்கியைக் குண்டு ஒரு நொடிக்குள் எட்டிவிடும், வெடிச்சத்தம் வந்துசேர ஒன்றரை நொடி ஆகும். அடிபட்ட டாங்கிக்குள் இருந்தவர்களுக்கு முன்னறிவிப்பு என்று எதுவுமே கிடையாது. முதலில் இரும்பில் அடி, அதற்குப் பிறகுதான் எங்கோ மரங்களுக்குப் பின்னாலிருந்து முழக்கம். அந்த வரிசையில் ஒலியை அமைத்திருந்தால் அந்த வயல் இன்னும் எவ்வளவு பயங்கரமாக இருந்திருக்கும்! ஓர் இயக்குநராவது இதைத் துணிந்து செய்ய வேண்டும் என்று பல வருடங்களாக ஆசைப்படுகிறேன்.

இன்னொன்று, அந்தப் பீரங்கியைச் சுடுகிறவர்கள். கேமரா டாங்கியோடு போவதால் அவர்கள் நமக்குத் தூரத்து நிழல்கள். பாக் 40-இன் உயரம் நிற்கும் ஆளின் மார்பளவு, ஆகவே புதரில் மறைப்பது சுலபம். எடையோ சுமார் 1,400 கிலோ. சுட்டவுடன் குழல் முனையில் பீறிடும் வாயு புழுதியைக் கிளப்பி இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பின்கால்கள் மண்ணில் புதைந்திருக்கும் நிலையில் நாலைந்து பேர் அதைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு ஓட முடியாது. சேறாக இருந்தால் கேட்கவே வேண்டாம், பீரங்கியை அங்கேயே விட்டுவிட்டு உயிர் பிழைக்கப் பார்க்க வேண்டியதுதான். அது தெரிந்தும், டாங்கி நன்றாக நெருங்கும்வரை சுடாமல் குந்தியிருந்தார்கள். அந்தக் காத்திருப்பைத்தான் நான் திரையில் முழுதாகப் பார்க்க விரும்புகிறேன்.

அன்புடன்.