ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் நெட்டை நிறுத்தணுமா? பெங்களூரு நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

எஸ்.பி. ரோட்டில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

பீன்யா ஒர்க்‌ஷாப்: அண்ணே, பில் போடும் சிஸ்டத்தில் பையன் நாள் முழுக்க யூடியூப் பார்க்கிறான். நெட்டை நிறுத்தணும்; பிரிண்டரும் ஷேர் ஃபோல்டரும் ஓடணும்.

பதில்: அந்த சிஸ்டத்தின் நெட்வொர்க் கார்டு செட்டிங்கில் ஐபி அட்ரஸை (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) கையால் போடுங்கள். ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.50, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள். கேட்வே இல்லாத சிஸ்டத்துக்கு வெளியே போக வாசல் தெரியாது. பிரிண்டர் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அது ஓடும். ரூட்டர் அந்த 50-ஐ வேறு யாருக்கும் கொடுக்காதபடி டிஹெச்சிபி எல்லையை (ரூட்டர் தானாகக் கொடுக்கும் ஐபி எண்களின் வரிசை) தள்ளி வையுங்கள்.

அதே கார்டு செட்டிங்கில் ஐபிவி6 (புது வகை ஐபி, அதற்குக் கேட்வே தானாகவே கிடைத்துவிடும்) டிக்கையும் எடுத்துவிடுங்கள். ஒரு கடையில் இதை மறந்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பாதி சைட் திறக்கவில்லை, யூடியூப் மட்டும் ஜம்மென்று ஓடுகிறது! முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அப்புறம், வைஃபை கார்டு இருந்தால் அதையும் டிசேபிள் செய்யணும். ஒவ்வொரு கார்டுக்கும் செட்டிங் தனி.

அவரே மறுபடி: பையன் கேட்வேயைத் திரும்பப் போட்டுவிட்டால்?

பதில்: அவனுக்கு ஸ்டாண்டர்ட் யூசர் கொடுங்கள், அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். போனைக் கேபிளில் மாட்டி நெட் எடுத்தால் இது எதுவும் தடுக்காது. அதைக் கவனிப்பது என் வேலை இல்லை, முதலாளி வேலை.

அல்சூர் ஆடிட்டர் ஆபீஸ்: எங்களுக்குத் தலைகீழ், சார். ஆறு சிஸ்டத்தில் ஒன்றுக்கு மட்டும் நெட் வேண்டும்.

பதில்: ரூட்டரில் ஆக்சஸ் கன்ட்ரோல் போய் வொயிட்லிஸ்ட் (பட்டியலில் இருப்பவருக்கு மட்டும் அனுமதி) வையுங்கள். அந்த ஒரு சிஸ்டத்தின் மேக் அட்ரஸை (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மட்டும் சேர்த்தால் போதும். பிளாக்லிஸ்ட் (பட்டியலில் இருப்பவரை மட்டும் தடுப்பது) வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் வைஃபையில் மேக் அட்ரஸை மாற்றிக் காட்டும். தடுத்த ஆளே வேறு முகத்தோடு உள்ளே வருவார்.

சிவாஜிநகர் கடை: நெட்டை எடுத்ததிலிருந்து தினமும் காலையில் பில்லில் பழைய தேதி வருகிறது அண்ணா.

பதில்: மதர்போர்டு செல் (சிஸ்டத்தை அணைத்தாலும் கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன பேட்டரி) போய்விட்டது. இவ்வளவு நாள் விண்டோஸ் நெட்டிலிருந்து நேரத்தை வாங்கிச் சமாளித்தது. சிஆர்2032 என்று கேளுங்கள், ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், ப்ளஸ் பக்கம் மேலே.