கட்டட இடிபாடு யார் கணக்கு?

கேள்வி: அடையாறு கழிமுகத்தைச் சீரமைக்க மாநகராட்சி இன்னும் முனைப்பாக இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஆறு நீர்வளத்துறையுடையது, கழிவுநீர் குடிநீர் வாரியத்துடையது, சீரமைப்புக்கென்றே தனி அறக்கட்டளையும் இருக்கிறது. பாவம், மாநகராட்சி என்னதான் செய்யும்?
— வாசகர், மந்தைவெளி

பதில்: பாவமா? நல்லா இருக்கே கதை! நீங்கள் சொன்ன பாகப்பிரிவினை சரிதான், ஆனால் மாநகராட்சியின் பங்கை மட்டும் விட்டுவிட்டீர்கள். குப்பை, கட்டட இடிபாடு, மழைநீர் வடிகால் மூன்றும் அதன் கணக்கில்தான் வருகின்றன.

இதில் இடிபாடுதான் எனக்குப் பெரிய விஷயம். நம் கரையில் அலை வருஷத்தின் பெரும்பாலான மாதங்களில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கிறது. முகத்துவாரம் அடைபடுவது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் ஆறே அந்த மணலை உடைத்துக்கொண்டு போய்விடும். மற்ற நாட்களில் வாயைத் திறந்து வைக்க ஓதத்தை விட்டால் ஆள் கிடையாது: ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர், வற்றத்தில் திரும்பி ஓடும்போது மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. உள்ளே நிறையத் தண்ணீர் வந்து நிற்க இடம் இருந்தால்தான் அந்த ஓட்டத்துக்கு வேகம் இருக்கும். கழிமுகத்தோடு சேர்ந்த அடையாறு ஓடையின் ஓரத்தில் ஒரு லாரி செங்கல் தூளைக் கொட்டினால் ஒரு லாரித் தண்ணீருக்கு இடம் போச்சு. இப்படி வருஷக்கணக்கில் மேட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் மழைக்கு முன்னால் பொக்லைனைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் மணலை அள்ளுகிறோம், சில வாரத்தில் அது திரும்ப மூடிக்கொள்கிறது, அடுத்த வருஷம் அதே வேலைக்கு அதே டெண்டர். வாய் திறந்து மடவை மீனும் இறாலும் எப்போது உள்ளே ஏறும், எப்போது ஏறாது என்று முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊரான ஊரூர் குப்பத்தில் கேட்டால் டெண்டர் இல்லாமலே சொல்வார்கள்.

இடிபாட்டை அகற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணமே வேண்டாம். 2011-ல் இதே ஓடையில் திறந்த 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்காவும் முன்பு குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த இடம்தான். அவற்றை அள்ளி, பள்ளம் தோண்டி, தண்ணீரை விட்டார்கள், பறவைகள் வந்தன. அதைச் செய்தது அறக்கட்டளை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறக்கட்டளை ஒரு பக்கம் அள்ள, இன்னொரு பக்கம் ராத்திரியில் லாரி வந்து கொட்டிவிட்டுப் போனால் அதைப் பிடிக்க வேண்டியது யார்? கட்டட இடிபாட்டைச் சேகரித்து முறையாக அகற்றும் பொறுப்பு உள்ளாட்சிக்கு என்று மத்திய அரசின் விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. வடிகாலும் அப்படித்தான்; வாரியத்தின் கழிவுநீர் மாநகராட்சியின் வடிகால் வழியாக ஆற்றுக்கு வருகிறது என்றால் இருவருமே கூட்டாளிகள்.

இன்னொன்று, சென்னையை மட்டும் திட்டிப் பயனில்லை. ஆறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வருகிறது. வழியில் அனகாபுத்தூர், பம்மல் எல்லாம் 2021-லிருந்து தாம்பரம் மாநகராட்சி. அங்கே கரையில் கொட்டுவதும் கடைசியில் முகத்துவாரம் இருக்கும் பட்டினப்பாக்கத்துக்குத்தான் வந்து சேரும்.

சரி, நீங்கள் மந்தைவெளிக்காரர், ஓடை கூப்பிடு தூரம்தான். கடைசியாக வீட்டில் குளியலறையை இடித்துக் கட்டியபோது, இடிபாட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று வண்டிக்காரரிடம் கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. மூட்டைக்கு எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டேன்.