டிரெஸ்ஸர் ஐயா பதில்கள்

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் சேரும் முனையில் இளம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போய் அடிபட்டுச் சாகிறார்கள். முனி காவு கேட்கிறது, கிடா வெட்ட வேண்டும் என்று பணம் வசூலிக்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கொடுங்கள் அம்மா, நான் தடுக்க மாட்டேன். கறிச்சோறு போட்டால் நானும் வருவேன். ஆனால் உங்கள் முனி ஆள் பார்த்துத்தான் காவு வாங்குகிறார். கார்க்காரர்களை அநேகமாக விட்டுவிடுகிறார். பெண்களை அதிகம் தொடுவதில்லை. மோட்டாரில் போகும் வாலிபன்தான் வேண்டுமாம். நாடு முழுக்க இதே கதைதான். 2023-இல் மலேசியச் சாலைகளில் 6,443 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போனவர்கள். 2020-இல் மொத்தமே 4,634 தான். அந்த வருஷம் முனி விரதம் இருக்கவில்லை. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் வண்டிகள் வீட்டில் நின்றன.

அந்த முனையில் ஒருநாள் விடியற்காலை நின்று பாருங்கள். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் போகிற கூட்டரசுச் சாலை அது, யாரும் மெதுவாக வருவதில்லை. பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நேரமாகிவிட்டது என்று பையன் செம்மண் பாதையிலிருந்து டயரில் சேறோடு ஏறுவான். பின்விளக்கு எரியாது. ஓரத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி இருட்டோடு இருட்டாக நிற்கும். பொழுது சாயும் நேரத்திலும் இதேதான்.

தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்த காலத்தில், தலையில் அடிபட்டு வந்தவனின் ஹெல்மெட்டை வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். பல சமயம் ஓட்டில் கீறல்கூட இருக்காது. வாரை மடித்து உள்பஞ்சுக்குள் செருகியிருப்பான். பக்கிள் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். ஹெல்மெட் சட்டம் 1973-இலேயே வந்துவிட்டது. போலீஸ்காரருக்காகத் தலையில் கவிழ்த்த ஹெல்மெட், விழுந்த முதல் உருட்டிலேயே தனியாக ஓடிவிடும்.

கிடாவுக்குப் போக மிச்சப் பணத்தில் ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை மணி, எந்தப் பக்கமிருந்து வந்தான், மழையா, விளக்கு எரிந்ததா என்று ஒவ்வொரு விபத்தையும் எழுதி, அதன் நகலோடு விளக்குக்கம்பம் கேட்டுப் பொதுப்பணி இலாகாவான ஜே.கே.ஆருக்கு மனு போடுங்கள். வெறும் “நிறையப் பேர் சாகிறார்கள்” என்ற கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

கேள்வி: என் பாட்டி குளியலறையில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி, வீட்டிலேயே இறந்தார். சாவு சூரத்தில் (இறப்புச் சான்றிதழில்) ‘சாக்கிட் துவா’, அதாவது முதுமை நோய், என்று போட்டிருக்கிறது. வயது எண்பதுக்கு மேல்தான். இது சரியா?
– வாசகர், பீடோர்

பதில்: சரியில்லை தம்பி. பாட்டி வயதாகிச் சாகவில்லை, விழுந்து செத்தார். நம் நாட்டில் டாக்டர் பார்க்காமல் வீட்டில் நடக்கும் சாவுக்கு, குடும்பத்தார் சொல்வதைக் கேட்டுப் போலீஸ்காரர்தான் காரணம் எழுதிவந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, பறை மேளத்துக்கும் சொல்லியாகிவிட்ட நிலையில், “வயசாச்சு சார்” என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

காயத்தால் வரும் சாவில், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இரண்டைக் கேட்கும்: எது உடைந்தது, எப்படி உடைந்தது. மூல காரணமாக ஏறுவது இரண்டாவதுதான். ‘தொடை எலும்பு முறிவு’ என்று மட்டும் எழுதினாலே பாதிக் கதை போய்விடும். ‘முதுமை’ என்றால் முழுவதும் போச்சு. இப்படித்தான் வாலிபன் ரோட்டில் செத்தது கணக்கில் ஏறுகிறது, கிழவி வழுக்கி விழுந்து செத்தது ஏறுவதில்லை. ஏறாத சாவுக்கு யாரும் கைப்பிடி வைக்கப் போவதில்லை.

உங்கள் வீட்டிலாவது வையுங்கள். பழைய தோட்டவீடுகளில் குளியலறை வெறும் சிமெண்டுத் தரை. பாசி பிடித்தால் தேய்ந்த ஜப்பான் சிலிப்பர் நிற்காது. பிரஷர் மாத்திரை போட்டுவிட்டு ராத்திரி சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தாத்தா இருக்கிறாரா? அவருக்கு முதலில் விளக்கு சுவிட்சைக் கட்டில் பக்கம் மாற்றுங்கள்.

கேள்வி: பாராகுவாட் என்ற புல்லு மருந்தைத் (களைக்கொல்லியை) தடை செய்துவிட்டார்கள். அப்பா பழைய புட்டி ஒன்றை ஸ்டோரில் வைத்திருக்கிறார். வீட்டில் அடிக்கடி சண்டை. பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. இன்றைக்கே அதை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். கால்வாயில் ஊற்றாமல், விவசாய இலாகாவில் கேட்டு ஒப்படையுங்கள். இந்தப் புல்லு மருந்துக்கு விஷமுறிவு மருந்தே கிடையாது. 2002-இல் தடை, 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல் மறுபடி தடை. இந்த இழுபறியை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. இலங்கையிலும் தென்கொரியாவிலும் இதைத் தடுத்த பிறகு தற்கொலைச் சாவு குறைந்தது. கோபம் தணியும்வரை கைக்கு எட்டாமல் இருந்தாலே பலர் பிழைத்துக்கொள்வார்கள்.

யாராவது குடித்துவிட்டால் போலீசுக்குப் பயந்து ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். தற்கொலை முயற்சி 2023-இலிருந்து குற்றமில்லை. சண்டை முற்றுகிற ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் பிஃபிரெண்டர்ஸ் என்ற உதவித் தொலைபேசிச் சேவை 03-7627 2929, எந்நேரமும் எடுப்பார்கள். பேச அப்பாவுக்குக் கூச்சமாக இருந்தால் முதலில் நீங்களே கூப்பிடுங்கள்.

கேள்வி: வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் விபத்தில் என் கணவர் இறந்துவிட்டார். தோட்டத்துக்குள் நடக்கவில்லை, அதனால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணம் கிடைக்காது என்கிறார்கள்.
– வாசகி, தாப்பா

பதில்: யார் சொன்னது? வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகிற வழியும் அதில் சேர்த்திதான். வழக்கமான பாதையைவிட்டுச் சொந்த வேலையாக எங்காவது திரும்பியிருந்தால்தான் சிக்கல். முதலாளி விபத்தைத் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவித்தாரா என்று கேளுங்கள். அறிவிக்காவிட்டாலும் போலீஸ் ரிப்போர்ட், சாவு சூரத்து, சம்பளச் சீட்டு, கல்யாணச் சான்றிதழ் நான்கையும் எடுத்துக்கொண்டு நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போகலாம். சார்ந்தோர் உதவித்தொகையில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. கிராணி (குமாஸ்தா) நாளைக்கு வா என்றால், அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.