பணியில் அடிபட்ட காவலருக்கு ரிவார்டு மட்டும்தானா?

கேள்வி: என் கணவர் தமிழகத்தின் தென் மாவட்டம் ஒன்றில் முதல்நிலைக் காவலர். நாலு மாதம் முன்பு ராத்திரி வாகனச் சோதனையில் நின்றபோது, கை காட்டியும் நிற்காமல் வந்த பைக் அவர் மேல் மோதிவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். விழுந்த நிலையிலும் பைக்கில் பின்னால் இருந்தவனை அவர் விடவில்லை. அதற்காக எஸ்.பி. ஆஸ்பத்திரிக்கே வந்து பாராட்டி 5,000 ரூபாய் ரிவார்டு கொடுத்தார். அதை வாங்கிவிட்டதால் இனி வேறு எதுவும் கேட்க முடியாது என்று ஸ்டேஷனில் சொல்கிறார்கள். லீவு எல்லாம் மெடிக்கல் லீவிலும் ஈட்டிய விடுப்பிலும் கழிந்துகொண்டிருக்கிறது. ரிவார்டுக்கு வரி உண்டா? கால் பழையபடி வராவிட்டால் வேலை என்ன ஆகும்?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். ரிவார்டு வாங்கியதால் எந்த உரிமையும் போகாது. உங்கள் கணவர் ஓடவிடாமல் ஒருவனைப் பிடித்தார், அந்தச் செயலுக்கு அதிகாரி தந்த பாராட்டு அந்த 5,000 ரூபாய். கால் உடைந்ததற்கான பணம் அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. காயத்துக்கான உதவிகள் வேறு வேறு இடங்களிலிருந்து வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும். கேட்காதவர் வீட்டுக்கு அவை தானாக வருவதில்லை, பல குடும்பங்கள் நஷ்டப்படுவது இந்த ஒரே காரணத்தால்தான்.

ரிவார்டு எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் ரிவார்டு ரோல் எழுதி, இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. வழியாக எஸ்.பி.க்குப் போகும். எஸ்.பி., டி.ஐ.ஜி., ஐ.ஜி., டி.ஜி.பி. என்று ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு தரலாம் என்று ஒரு வரம்பு உண்டு, அதற்குள் கொடுப்பது அவரவர் முடிவு. இதை உரிமை என்று கோர முடியாது. ஆனால் கொடுத்த ரிவார்டும் அதோடு வரும் ஜி.எஸ்.இ. என்ற நற்பணிப் பதிவும் பணிப்பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், அதைக் கேட்டுப் பாருங்கள். பணம் செலவாகிவிடும், அந்தப் பதிவுதான் பதவி உயர்வு நேரத்திலும் பதக்கப் பரிந்துரை நேரத்திலும் பேசும். கால் உடைந்த பிறகும் ஆளை விடவில்லை என்பது சாதாரண விஷயம் இல்லை, வீர தீரச் செயலுக்கான அண்ணா பதக்கத்துக்குப் பரிந்துரைக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பதில் தவறே இல்லை. குடியரசு தினத்தன்று தரப்படும் அந்தப் பதக்கத்தோடு 1 லட்சம் ரூபாயும் உண்டு. குடியரசுத் தலைவரின் வீரதீரப் பதக்கம் இன்னும் பெரிய படி, அதற்கு மாதாமாதம் தனிப் படித்தொகை வரும். கிடைக்கும் என்று நான் வாக்குத் தரவில்லை. பரிந்துரை மாவட்டத்தைத் தாண்டிப் போனால்தானே கிடைக்க வாய்ப்பு?

சரி, இப்போது லீவு. இதில்தான் உங்களுக்குப் பெரிய இழப்பு நடந்துகொண்டிருக்கிறது. அடிப்படை விதி 83 மற்றும் 83ஏ-யின்படி, பணியின்போது பணியின் காரணமாக அடிபட்டு வேலை செய்ய முடியாமல் போன அரசு ஊழியருக்குச் சிறப்பு ஊனமுற்றோர் விடுப்பு என்று ஒன்று தனியாக உண்டு. மருத்துவச் சான்று எவ்வளவு காலம் தேவை என்கிறதோ அவ்வளவு காலம், அதிகபட்சம் 24 மாதம். முதல் 4 மாதத்துக்கு முழுச் சம்பளம், அதற்குப் பிறகு பாதி. அந்தப் பாதிக் காலத்திலும், அவர் கணக்கில் ஈட்டிய விடுப்பு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு முழுச் சம்பளமே கேட்டு வாங்கலாம். அப்படிக் கேட்டு முழுச் சம்பளம் வாங்கும் பகுதியைத் தவிர, இந்த விடுப்பு அவருடைய விடுப்புக் கணக்கில் கழியாது, ஓய்வூதியத்துக்குப் பணிக்காலமாகவே சேரும். இத்தனையும் இருக்க, நாலு மாதமாக அவர் சேர்த்து வைத்த லீவைக் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு இதைப் படித்ததும் வருத்தமாகத்தான் இருந்தது. ஏற்கெனவே கழித்த லீவை இந்தச் சிறப்பு விடுப்பாக மாற்றித் தரும்படி இப்போதே விண்ணப்பியுங்கள். காயத்தின் விளைவு சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் வெளிப்பட்டிருக்க வேண்டும், தாமதமில்லாமல் தெரியப்படுத்தியிருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் உண்டு, அன்றைக்கே ஆபரேஷன் வரை போன உங்கள் விஷயத்தில் இரண்டுமே பிரச்சினை இல்லை.

83க்கும் 83ஏ-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே உண்டாக்கிய காயத்துக்கு 83, ரோந்து போகும்போது வண்டி சறுக்கி விழுவது மாதிரி தற்செயலாக நேர்ந்ததற்கு 83ஏ. எஃப்.ஐ.ஆரில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பது இங்கே முக்கியம். 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த சம்பவம் என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுக்கக் காயம் விளைவித்தால் 121, கொடுங்காயம் என்றால் அதன் 2ஆம் உட்பிரிவில் 10 ஆண்டு வரை தண்டனை. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். சில இடங்களில் வேலை சுலபமாக முடியட்டும் என்று வெறும் வாகன விபத்தாக வழக்குப் போட்டுவிடுவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கி, சோதனைப் பணியில் இருந்தார், நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை என்ற இரண்டு விஷயமும் அதில் இருக்கிறதா என்று வரிக்கு வரி படியுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மீதி எல்லாமே காகிதத்தில்தான் நிற்கிறது. அவரை முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டு நகலை, எடுத்துப் பாருங்கள். நள்ளிரவில் கேஸ் பார்க்கும் டாக்டர், கூட வந்தவர் சொன்னதைக் கேட்டு, சாலை விபத்து, இத்தனை மணி, இந்த இடம் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருப்பார். பணியில் இருந்தார் என்ற விவரம் பெரும்பாலும் அதில் இருக்காது. ஆறு மாதம் கழித்து மாவட்டக் காவல் அலுவலகத்தில் ஃபைல் பார்க்கும் ஒருவருக்கு அது சொந்த வேலையாகப் போய் விழுந்த விபத்து மாதிரியே தெரியும். ஏ.ஆர். காப்பியை நாம் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. அதற்குப் பக்கபலமாக ஸ்டேஷனின் அன்றைய ஜி.டி.யில் (பொது நாட்குறிப்பு) அவர் வாகனச் சோதனைக்குப் புறப்பட்ட பதிவு, அன்றைய டியூட்டி ரோஸ்டர், ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன மெமோ, பணியின்போதுதான் அடிபட்டார் என்று இன்ஸ்பெக்டர் தரும் சான்று இவற்றை ஒன்று சேருங்கள். ரைட்டரிடம் வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள், எழுத்தில் மனு கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தரவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் எல்லாம் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் இருக்கட்டும், பில்களைக் கொடுக்கும் முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெயில் பட்டால் அந்த மெல்லிய தாளில் இருக்கும் எழுத்து அழிந்துவிடும்.

ஆஸ்பத்திரிச் செலவு அரசு ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் வரும், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவசரத்தில் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் பணம் கிடையாது என்று திருப்பி அனுப்புவார்கள், அதோடு விட்டுவிட வேண்டாம். ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவச் செலவை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. ஆட்சியர் தலைமையில் இருக்கும் மாவட்டக் குழுவுக்கு மேல்முறையீடு செய்யுங்கள்.

அடுத்தது, ஸ்டேஷனில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கிற ஒன்று. மோதியது மோட்டார் வாகனம். ஆகவே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்கள் கணவர் மற்ற யாரையும் போலவே இழப்பீடு கேட்கலாம். சீருடையில் இருந்தார் என்பதால் அந்த உரிமை குறையாது. சம்பவம் நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தை 2019இல் திருத்தி, அது 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. உங்களுக்கு நாலு மாதம் போய்விட்டது, மற்றதெல்லாம் நிதானமாக நடக்கட்டும், இதை மட்டும் இந்த வாரமே தொடங்குங்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். வேண்டுமென்றே மோதியதால் இது விபத்தே இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதாடலாம். வாகனத்தைப் பயன்படுத்தியதால் விளைந்த காயம் அடிபட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் விபத்துதான் என்று வாதிட இடம் இருக்கிறது, இந்த வகை வழக்கு நடத்திய வழக்கறிஞராகப் பாருங்கள். பைக்குக்கு இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் பொறுப்பு உரிமையாளர் தலையில் விழும். இதைப் படிக்கிற வேறு யாருக்காவது மோதிய வண்டியே எதுவென்று தெரியாமல் போயிருந்தால், அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது, கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் அரசு ஏற்கெனவே கட்டிய மருத்துவச் செலவைத் தீர்ப்பாய மனுவிலும் சேர்த்துக் கேட்காதீர்கள், கையிலிருந்து போனதை மட்டும் காட்டுங்கள்.

சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்கும் ஒரு நடை போங்கள். காவலர்களுக்கான சம்பளக் கணக்குத் திட்டங்களில் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்ந்தே வருகிறது. 2025இல் தமிழக அரசு முன்னணி வங்கிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 1 கோடி ரூபாய் வரை உண்டு. கணக்கு அந்தத் திட்டத்தில்தான் இருந்ததா, சாதாரண சேமிப்புக் கணக்காகவே விட்டிருந்தார்களா, பகுதி ஊனத்துக்கு ஏதாவது உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். காவலர் சேமநல நிதிக்கும் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும் எஸ்.பி. மூலமாகவே விண்ணப்பிக்கலாம். இவை கருணைத் தொகைகள், எவ்வளவு என்பது ஆணையைப் பொறுத்தது. உங்கள் கணவருக்கு ஒரு சங்கம் இல்லை, போலீசில் அது முடியாது, அதனால் அவருக்காக அவர் மனுதான் பேச வேண்டும்.

வரி விஷயம் சுருக்கமாக. அரசு தரும் வெகுமதிக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 10(17ஏ) பிரிவில் விலக்கு உண்டு, ஆனால் பொதுநலன் கருதி மத்திய அரசு ஒப்புதல் தந்த வகையில் அது வர வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் என்பதால் பிரிவு எண் மாறும், கணக்குத் தாக்கல் செய்பவரிடம் ரிவார்டு ஆணையைக் காட்டுங்கள். 5,000 ரூபாயை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கவனமாக இருக்க வேண்டியது வெளியார் பணத்தில். வியாபாரிகள் சங்கமோ, ஊர்ப் பெரியவர்களோ மேடை போட்டுப் பணமுடிப்பு தந்தால், நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. மோதியவன் வீட்டிலிருந்து சமாதானம் பேசிப் பணத்தோடு வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அதை வாங்கினால் வழக்கும் போகும், அவர் மேலேயே துறை நடவடிக்கையும் வரும்.

கடைசியாக வேலை. பணிக்காலத்தில் ஊனம் வந்த அரசு ஊழியரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு சொல்கிறது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணியிடம் தர வேண்டும், அப்படி இடம் இல்லையென்றால் ஓய்வு வயது வரைகூட கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். சில நிறுவனங்களுக்கு விலக்குத் தரும் அதிகாரம் அரசுக்கு இருக்கிறது, ஆகவே யாராவது விலக்கு என்று சொன்னால் ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பணியில் அடிபட்டுக் காலை இழந்த மத்தியப் படைக் காவலர் ஒருவரை வெளியே அனுப்பியது செல்லாது என்று 2003இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் கணவருக்கு அந்த அளவுக்குப் போகாது என்றே நம்புகிறேன், பிளேட் வைத்த கால் தேறி நடப்பவர்கள் நிறையப் பேர். அதுவரை கண்ட்ரோல் ரூம், அலுவலகப் பணி என்று லைட் டியூட்டி கேட்கலாம். ஆனால் மருத்துவர் எழுதித் தரும் முன், பாவம் ஆள் பற்றாக்குறை என்று யாரோ போன் செய்தார்கள் என்பதற்காக அவரை அவசரமாக ஜாயின் பண்ண விடாதீர்கள். விடாப்பிடியாக வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் நீங்கள்தான்.

மனுக்களில் எல்லாம் அவர் கையெழுத்து இருக்க வேண்டும், கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குவதை நீங்கள் செய்யலாம். எஸ்.பி. நடத்தும் காவலர் குறைதீர் கூட்டத்துக்கு அவர் நேரில் வர முடியாவிட்டால், வர முடியாத காரணத்தையும் அதே மனுவில் எழுதி அனுப்புங்கள்.