நாளை ராத்திரி 18 பேர் வருகிறார்களா? சொதி வையுங்கள்

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராத்திரி எங்கள் வீட்டில் கூடுவோம் என்று கொழுந்தன் வீட்டாரும் நாத்தனார் வீட்டாரும் இன்றுதான் சொன்னார்கள். பெரியவர்கள் 12 பேர், பிள்ளைகள் 6 பேர். அதில் இரண்டு பேருக்குச் சர்க்கரை, மூன்று பேர் சைவம். இரண்டு பர்னர் அடுப்பு, சின்ன ஹால். பரோட்டா பார்சல் வாங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு நாளில் என்ன செய்ய முடியும்?

பதில்: பரோட்டா வேண்டாம் என்று நீங்கள் நினைப்பது சரிதான். ஆறிப்போன பரோட்டாவைப் பிய்த்துத் தின்ன தாடை பலம் வேண்டும். ஆனால் அதற்குப் பதிலாக பிரியாணி, குருமா, கட்லெட், பாயசம் என்று பட்டியல் போட ஆரம்பித்தீர்கள் என்றால் வந்தவர்கள் ஹாலில் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் அடுக்களையில் வியர்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரே ஒரு பதார்த்தத்தை வீட்டில் ஒழுங்காகச் செய்யுங்கள். மற்றதைக் கடையில் வாங்குங்கள், அல்லது வருகிறவர்கள் தலையில் கட்டுங்கள். அந்த ஒன்று சொதியாக, அதாவது தேங்காய்ப்பாலில் காய் வேக வைக்கிற நம்ம ஊர்க் குழம்பாக, இருக்கட்டும். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் போடுகிற அதே சொதிதான். சைவக்காரர்களுக்குத் தனியாக ஆக்க வேண்டியதில்லை, பிள்ளைகளுக்கும் காரம் குறைவு.

உங்கள் கூட்டத்துக்கு அரிசி 2 கிலோ, நன்றாக முற்றின பெரிய தேங்காய் 5, பாசிப்பருப்பு கால் கிலோ. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பட்டாணி, முருங்கைக்காய் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ. சின்ன வெங்காயம் அரை கிலோ, பூண்டு, இஞ்சி, எலுமிச்சம்பழம் 3. காரத்துக்குப் பச்சை மிளகாய் மட்டும். மிளகாய்ப்பொடி விழுந்தால் அது வேறு குழம்பு.

தேங்காயை இன்று ராத்திரியே துருவி, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பாதி வேலை அதுதான், வீட்டுக்காரரிடமே கொடுக்கலாம். பாலை நாளை சாயந்திரம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து எடுங்கள், கூடுதலாக இறங்கும். முதல் பாலைத் தனியாக வையுங்கள். இரண்டாம் பாலையும் மூன்றாம் பாலையும் ஒன்றாக்கி அதில்தான் காய் வேக வேண்டும். பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேக வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டை எண்ணெயில் வதக்கி, காயைப் போட்டு, அரைத்த இஞ்சி, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து, தண்ணிப் பாலில் வேக விடுங்கள். வெந்ததும் பருப்பு. இதுவரை ஆறு மணிக்குள் முடிந்துவிடலாம்.

அதற்குமேல்தான் சொதி கெட்டுப்போகும் இடம் வருகிறது. முதல் பாலைப் பந்திக்கு அரை மணி நேரம் முன்னால், தீயைக் குறைத்துக்கொண்டு ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டும்போதே அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் பாலில் இருக்கிற புரதம் கட்டிப்பட்டு எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும், பிறகு என்ன செய்தாலும் சேராது. எலுமிச்சைச் சாறும் அப்படித்தான்: அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் திரியும். இறக்கிப் பத்து நிமிஷம் கழித்துப் பிழியுங்கள். நெய்யில் சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. ஏழு மணிக்கு வருகிறேன் என்றவர்கள் எட்டரைக்கு வந்தாலும் கவலையில்லை. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு முதல் பாலை ஊற்றினால் போதும்.

சொதிக்கு வெஞ்சனம் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். பச்சடியை இன்றே செய்யுங்கள். புளியும் வெல்லமும் இஞ்சியில் ஊற ஊறத்தான் ருசி, தேங்காய்ப்பாலின் கனத்துக்கும் அதுதான் ஈடு. சிப்ஸ் கடையில் முக்கால் கிலோ. அசைவம் இல்லாமல் வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்றால் கோழி வறுவல் ஒன்றை மட்டும் வெளியே சொல்லிவிடுங்கள். பண்டிகை நேரம், இன்றே சொல்லி வைப்பது நல்லது.

இனிப்புக்கு அல்வா இருக்கும்போது வேறு யோசனை எதற்கு? ஆளுக்கு 50 கிராம் என்று ஒரு கிலோ போதும். ஆனால் விருந்தன்று சாயந்திரம் இருட்டுக்கடை வரிசைக்கு யாரையும் அனுப்பாதீர்கள். கடை திறப்பதே சாயந்திரம்தான், விடுமுறைக் கூட்டம் வேறு. போனவர் எப்போது திரும்புவார் என்று நெல்லையப்பருக்கே தெரியாது. ஜங்ஷன் பக்கம் பகலில் விற்கிற கடைகளில் இன்றே வாங்கிவிடுங்கள். வெளியிலேயே வைக்கலாம், கெடாது. ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் நெய் உறைந்து கட்டியாகும். கிறிஸ்துமஸ் பலகாரம் முறுக்கும் கேக்கும் வீட்டில் மிச்சம் இருக்குமே, வந்ததும் கொறிக்க அதை எடுத்து வையுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சோறு அளவாக, காய் கூடுதலாக. கடைசியில் சுக்குக் காபி கொடுப்பதாக இருந்தால் கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டி வையுங்கள். மண் இருந்தால் அடியில் தங்கிவிடும், வேண்டாதவர்களுக்கு ஊற்றாமலும் விடலாம். உடன்குடிக் கருப்பட்டி என்றால் சர்க்கரை ஏறாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். ஏறும்.

உட்காருகிற விஷயத்துக்கு வருவோம். மொட்டைமாடியை நம்பாதீர்கள். டிசம்பர் மழை என்ன செய்யும் என்பதை 2023-லேயே நாம் பார்த்தாயிற்று. ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி ஜமுக்காளம் விரித்துப் பந்தியாகப் போடுங்கள். சொதி நின்றுகொண்டு சாப்பிடுகிற சாப்பாடு அல்ல. முதலில் பிள்ளைகள், அவர்களுக்குத் தட்டு. பிறகு பெரியவர்கள் ஆறு ஆறு பேராக, வாழை இலையில். முட்டி வலிக்காரர்களுக்கு மேஜையில் இரண்டு இலை. வீட்டில் பத்தமடைப் பட்டுப்பாய் இருந்தால் தயவுசெய்து உள்ளே சுருட்டி வையுங்கள், ஆசைப்பட்டு விரித்துவிடாதீர்கள். கோரையில் எண்ணெய்க்கறை பட்டால் போகவே போகாது.

2 கிலோ அரிசியை ஒரே குக்கரில் திணிக்காதீர்கள். இரண்டு ஈடாக வடித்து ஹாட்பாக்ஸில் வையுங்கள். பெரிய பாத்திரம் இல்லையென்றால் வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்துக்கொள்ளலாம். அலங்காரத்துக்கு வாசலில் தொங்குகிற ஸ்டார் போதும்.

அப்புறம், "மதினி, நான் என்ன கொண்டு வரட்டும்?" என்று யாராவது போனில் கேட்பார்கள். "சும்மா வாங்க, ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவரிடம் வாழை இலை, ஒருவரிடம் இரண்டு லிட்டர் தயிர், இன்னொருவரிடம் தண்ணீர் கேன் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கு ஒரு அலைச்சல் மிச்சம், அவர்களுக்கும் வெறும் கையோடு வந்த கூச்சம் இருக்காது.

மிஞ்சினால்: சொதியை வெளியில் விடிய விடிய வைக்காதீர்கள், தேங்காய்ப்பால் சீக்கிரம் புளிக்கும். கிளம்புகிறவர்களுக்குத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்துவிடலாம். போனதும் ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் இட்லிக்கு வேண்டிய அளவு மட்டும் எடுத்துச் சிறு தீயில் கிண்டிக்கொண்டே சுட வைக்கச் சொல்லுங்கள். சோற்றையும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் விடாமல் பரப்பி ஆற வைத்து ஃப்ரிட்ஜில் தள்ளுங்கள்.