கிலுகிலுப்பை காய்ந்த பிறகும் பிடுங்காதீர்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் செம்மண் சும்மா கிடக்கிறது. போர் தண்ணீர் வீட்டுக்கே பத்தவில்லை. நர்சரியில் வாங்கி வைத்த பூச்செடிகள் சித்திரையில் கருகிவிட்டன. வண்ணத்துப்பூச்சி வருகிற மாதிரி என்ன போடலாம்?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: கிலுகிலுப்பை போடுங்கள். தரிசிலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கிற செடிதான், காசு கொடுத்து வாங்க வேண்டாம். மஞ்சள் பூ, மேலிதழில் மெல்லிய செந்நிறக் கோடுகள். காய் முற்றிக் கருத்ததும் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், கிலுகிலுவென்று சத்தம் போட்டால் விதை தயார். விதைத்தோல் கெட்டி என்பதால் வெந்நீர் ஊற்றி ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, ஊறிப் பருத்ததை மட்டும் புரட்டாசிக் கடைசியில், மழைக்குச் சற்று முன்னால், அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். உரம் வேண்டாம். அவரை, துவரை குடும்பம், தழைச்சத்தை வேர்முடிச்சே பார்த்துக்கொள்ளும். வேர் பிடிக்கும் வரை மழை ஏமாற்றினால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.

பூத்ததும் கருவண்டு வரும். அது உட்கார்ந்து அழுத்தும்போது கீழிதழின் நுனியிலிருந்து மகரந்தம் பிதுங்கி அதன் வயிற்றில் ஒட்டும், கிட்டத்தில் நின்று பாருங்கள்.

அப்புறம் வண்ணத்துப்பூச்சி. நீலவரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் இந்தச் செடிக்குத் தேனைத் தேடி வருவதில்லை. ஆண் பூச்சிகள் இலையைக் காலால் கீறி, கசிகிற சாற்றிலுள்ள நஞ்சை உறிஞ்சி, அதிலிருந்துதான் பெண்ணை ஈர்க்கும் மணத்தைத் தயாரிக்கின்றன. பறவைகள் அவற்றைத் தின்னாமல் காப்பதும் அதே நஞ்சுதான். வாடிக் காய்ந்த செடிக்குத்தான் மவுசு. முதல் வருஷம் நான் காய்ந்ததையெல்லாம் பிடுங்கி மூலையில் போட்டேன், மறுநாள் காலையில் அந்தக் குப்பைக் குவியல் முழுக்க நீலவரியன்கள்! அதிலிருந்து பிடுங்குவதே இல்லை.

கேள்வி: எங்கள் கிலுகிலுப்பைக் காய்களில் ஓட்டை. மருந்து அடிக்கலாமா?
- வாசகர், தேனி

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு காயைப் பிளந்து பாருங்கள், உள்ளே புழு இருக்கும். அது ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் பிள்ளையாக இருக்கலாம் (அப்படியானால் சுற்றி எறும்பும் நிற்கும், புழு சுரக்கும் இனிப்புக்காக), இல்லையென்றால் வெள்ளை இறகில் சிவப்பும் கருப்புமாகப் புள்ளி வைத்த அந்துப்பூச்சியின் புழு. இவற்றுக்காகத்தானே செடியே போட்டோம்? அவை தின்றது போக மிச்சமிருக்கும் விதை அடுத்த மழைக்குத் தாராளமாகப் போதும். கோழி, மாடு மட்டும் அந்தப் பக்கம் போகாமல் வேலி போடுங்கள், அந்த விதை அவற்றின் ஈரலைக் கெடுத்துவிடும்.