பூனைக்கு எந்த மணல்? வாசகர் கேள்வி பதில்

அடுக்குமாடி வீட்டில் ஒரு பூனை வளர்க்கிறோம். இதுவரை ஆற்று மணல்தான். இரண்டே நாளில் நாற்றம் தாங்கவில்லை. கடையில் பெண்டோனைட், டோஃபு, சிலிக்கா என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?
– வாசகி, சென்னை

ஆற்று மணல் சிறுநீரைப் பிடித்து வைப்பதில்லை. அது அடியில் இறங்கித் தேங்க, பாக்டீரியா அதிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகிறது. மேலே எவ்வளவு அள்ளினாலும் நாற்றம் போகாதது இதனால்தான்.

பெண்டோனைட் ஒரு வகைக் களிமண். குஜராத்தின் கட்ச் பகுதியில் நிறையக் கிடைக்கிறது. ஈரம் பட்ட இடம் மட்டும் உப்பி உருண்டையாக இறுகும். அதை அப்படியே சல்லடைக் கரண்டியால் எடுத்துவிடலாம். வளர்ந்த, ஆரோக்கியமான பூனை என்றால் பொடிக் குருணையாக உள்ள, வாசனை சேர்க்காத பெண்டோனைட்டையே வாங்குங்கள். லாவெண்டர் மணமெல்லாம் நம் மூக்குக்காகப் போடுவது; பூனை ஒதுங்கிப்போகும். இதன் குறை எடையும் தூசியும். ஒரு கைப்பிடியை மேலிருந்து கொட்டிப் பாருங்கள். புகை மாதிரி எழுந்தால் அந்த வகை வேண்டாம்.

வீட்டில் ஆஸ்துமா இருந்தால் டோஃபு நல்லது. சோயா சக்கையில் செய்த குச்சிகள், தூசி குறைவு. ஆனால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும், வண்டும் வரும். பிரித்த பையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். சிலிக்கா உறிஞ்சுமே தவிரக் கட்டியாகாது. தினமும் மலத்தை எடுத்துவிட்டுக் கிளறிவிட வேண்டும். அதன் பரல்கள் சில பூனைகளின் காலை உறுத்தும்.

எதுவானாலும் ஆழம் 5 முதல் 7 செ.மீ. இருக்க வேண்டும். 40×50 செ.மீ. தட்டில் 6 செ.மீ. நிரப்ப 12 லிட்டர் தேவை. பெண்டோனைட்டில் ஏறக்குறைய 10 கிலோ. பலர் 5 கிலோ பை ஒன்றைக் கொட்டிவிட்டு, சிறுநீர் அடித்தட்டில் ஒட்டிக் கூழானதும் மணலைத் திட்டுகிறார்கள்.

பெண்டோனைட்டிலிருந்து டோஃபுவுக்கு மாற்றினோம். அன்றிலிருந்து பூனை கால்மிதியில்தான் போகிறது. இத்தனைக்கும் தட்டைத் தினமும் பினாயில் விட்டுக் கழுவுகிறோம்.
– வாசகர், கோவை

பினாயிலை இன்றே நிறுத்துங்கள். கறுப்புப் பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தட்டில் ஒட்டியது காலில் ஏறும். காலை நக்கும்போது வயிற்றுக்குள் போகும். வெள்ளைப் பினாயிலில் உள்ள பைன் எண்ணெயும் ஆகாது. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு எழும். வெந்நீரும் மணமில்லாத சோப்பும் போதும், அதுவும் முழு மணலையும் மாற்றும் நாளில் மட்டும்.

அடுத்து, பொடி மணலில் பழகிய காலுக்குத் தடித்த குச்சி பிடிப்பதில்லை. பழைய பெண்டோனைட்டுக்குத் திரும்புங்கள். தட்டுக்குப் பூனை ஒழுங்காக வரத் தொடங்கியதும், நான்கில் ஒரு பங்கு டோஃபு கலந்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பங்கைக் கூட்டுங்கள். எந்தக் கட்டத்தில் மறுத்தாலும் ஒரு படி பின்வாங்குங்கள். கால்மிதியைத் துவைக்கும்வரை கண்ணில் படாமல் வையுங்கள். பழைய வாடை திரும்ப இழுக்கும்.

ஆண் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கி, சிறுநீர் வராமல் எழுந்தால் அது மணல் பிரச்சினையே இல்லை. சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஆறு வாரக் குட்டிக்கும் இதே மணல் போடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். குட்டிகள் மணலைத் தின்று பார்க்கும். கட்டியாகும் மணல் குடலிலும் உப்பும். மூன்று, நான்கு மாதம்வரை காகிதக் குச்சியோ மரத்தூள் குச்சியோ போடுங்கள். தட்டின் விளிம்பு குட்டி ஏறும் அளவுக்குத் தாழ்வாக இருக்கட்டும்.

அள்ளியதைக் கழிப்பறையில் கொட்டலாமா? மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். பூனையையே கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

பெண்டோனைட் குழாயில் களிமண்ணாகவே இறுகிவிடும். டோஃபு பையின் மேல் ‘கழிப்பறையில் கொட்டலாம்’ என்று அச்சடித்திருந்தாலும் செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் வேண்டாம். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

பூனையைக் கொடுக்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, பூனை மலத்தில் வந்து வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணிக்கு. மலத்தோடு வெளியேறிய அதன் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும். எனவே தினமும், முடிந்தால் காலையும் மாலையும், வேறொருவர் அள்ளிவிட வேண்டும். மருமகளே அள்ளும்படி ஆனால் கையுறை போட்டு, பிறகு சோப்பால் கை கழுவட்டும். பூனைக்குப் பச்சைக் கறியும் போடாதீர்கள்.